மீசை வருவதற்குள்

முருகலட்சுமி தன்னுடைய சத்துமாவுக் கடையை இன்டர்நெட்டில் திறந்துவைத்த அன்று காலையில், கருப்பூரணி ஊர்க் களத்தில் காயப்போட்டிருந்த கேழ்வரகுக்கு நடுவில், தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஒரு பெண்பிள்ளை கையில் போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் எந்த வழியாக வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்காமல் விட்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, கேழ்வரகைக் காலால் துழாவிக்கொண்டிருந்த மாமியார் சீனியம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, தானியத்த மிதிக்காம ஓரமா நில்லு," என்றாள்.

நுரைக்காரி ஓரமாக நின்றாள்.

"எந்த ஊரு?"

"சேலம்."

"இங்க என்னத்துக்கு நிக்கிற?"

"சத்துமாவுக் கடை இன்னும் திறக்கலம்மா, சுத்திக்கிட்டே இருக்கு," என்று போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு சின்ன வட்டம், செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. சீனியம்மா சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டி, "கண்ணுல இறங்குது பாரு, கழுவு," என்றாள். அவள் வாங்கக் கை நீட்டினாள், அதற்குள் "ச்சே" என்று ஒரு சலிப்புச் சலித்து, போனைத் தாழ்த்தி, களத்தைவிட்டு இறங்கி, மேற்கே ஓடைப் பாலத்தை நோக்கி நடந்தாள், பாலத்தின் நடுவில் போய் இல்லாமல் போனாள்.

அவளுக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த ஒருத்தி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கை பிடித்தபடியே மேலே தூக்கியிருக்க ஒரு கல்லூரிக்காரி. எல்லாரும் முருகலட்சுமியின் கடைப் பக்கத்தைத் தட்டிவிட்டு அது திறப்பதற்காகக் காத்திருப்பவர்கள், காத்திருக்கிற அந்த நேரம் மட்டும் அவர்கள் தங்கள் ஊரில் இருக்கவில்லை, கருப்பூரணிக் களத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு மூச்சு என்றால் இங்கே ஒரு பானைச் சோறு வெந்துவிடும். கடை திறந்துவிட்டால் முகம் மலர்ந்து நின்ற இடத்திலேயே கற்பூரமாக மறைந்தார்கள், சற்று நேரத்தில் முருகலட்சுமியின் போனில் ஆர்டர் வந்து மணியடித்தது. பொறுமை போனால் பாலத்துக்கு நடந்தார்கள், அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எந்த வழியாகப் போனாலும் களத்தில் நின்றதும் பேசியதும் அவர்கள் நினைவில் தங்கவில்லை. அதே சேலத்துக்காரி அப்புறம் ஒருநாள் நுரையில்லாத தலையோடு வந்து நின்று, சீனியம்மாவையே பார்த்து, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டாள்.

மணியடித்தது எப்போதோ ஒருமுறை. பாலத்துக்கு நடந்தவர்கள்தான் அதிகம்.

முருகலட்சுமிக்கு அந்த மணிச் சத்தத்தில்தான் உயிர் இருந்தது. அவள் புருஷன் சோலைராஜ் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தான். மகள் மகிழினியை நாற்பது நாள் குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போனவன், இப்போது அது பாவாடை கட்டி ஓடுகிறது, அப்பா என்றால் போன் என்றுதான் அதற்குத் தெரியும். ஒப்பந்தம் முடியப் போகிறது, வருகிற வியாழக்கிழமை கம்பெனியில் கூப்பிட்டு மறுபடியும் கையெழுத்து வாங்குவார்கள், போட்டால் இன்னும் மூன்று வருஷம். "உன் மாவுக் கடை ஓடுதுன்னா சொல்லு முருகு, துணிஞ்சு வந்துர்றேன், ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம். ஓடலன்னா போட்டுர்றேன்," என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டான். அவள் "ஓடுது மச்சான்" என்றாள். அவள் குரலை வைத்தே அவளை எடை போடத் தெரிந்தவன், "சரி, உள்ள போறதுக்கு முந்தி நானே திறந்து பாத்துக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.

மாவில் ஒரு குறையும் இல்லை. கேழ்வரகை முளைகட்டி, கம்பும் பாசிப்பயறும் நிலக்கடலையும் தனித்தனியாகக் கருகாமல் வறுத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து அரைத்த மாவு, ஒருமுறை குடித்த பிள்ளை அடுத்த டம்ளருக்குக் கை நீட்டும். ஆனால் அந்த மாவை யாரும் கண்ணால் பார்ப்பதற்கே வழியில்லாமல் இருந்தது, அது ஏன் என்று தெரிந்துகொள்ள அந்தக் கடைப் பக்கம் எப்படி உண்டானது என்று தெரியவேண்டும்.

அதைச் செய்து கொடுத்தவர் அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற ஜெயவீரன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்துக்கு அவர்தான் பேனர். பேனர் என்றால் முறை உண்டு. தாய்மாமன் பெரிதாக, பஞ்சாயத்துத் தலைவர் கும்பிட்டபடி, பெரியப்பா சித்தப்பா வகையறா வட்ட வட்டமாக, பங்காளிகள் வரிசையாக, யார் தலை விட்டுப்போனாலும் அந்த வீட்டார் அப்புறம் பந்தியில் கை நனைக்க மாட்டார்கள். ஜெயவீரன் கடைப் பக்கத்தையும் அந்த முறைப்படியே செய்தார். திறந்ததும் நாதஸ்வரம், மேலிருந்து ரோஜாப்பூ கொட்டும், "வருக வருக" ஓடும், அப்புறம் முருகலட்சுமியின் தாய்மாமன் செவத்தையா தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஆள் உயரத்துக்கு, அப்புறம் தலைவர், அப்புறம் ஊரில் முக்கால்வாசிப் பேர், ஒவ்வொரு படமும் பத்தடிப் பேனருக்கு அடிக்கிற கனத்தோடு. எல்லாருக்கும் அடியில், கிணற்றுக்குள் விழுந்த செருப்பு மாதிரி, ஒரு சத்துமாவுப் பாக்கெட்.

அந்த ஒரு பாக்கெட்டைப் பார்க்கத்தான் களத்தில் அத்தனை பேர் நின்றார்கள். ஊர்க்காரர்களோ, நிற்பவர்களுக்கு வெகு சீக்கிரம் பழகிவிட்டார்கள். டீக்கடைக்காரர் பஸ் நிறுத்தத்திலிருந்த கடையைப் பெயர்த்துக் களத்தோரம் போட்டார். டீச்சரம்மா பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து "இவங்க நாக்பூர், இவங்க சிங்கப்பூர்" என்று காட்டிப் பாடம் நடத்தினார். கல்யாணத் தரகர் ஒவ்வொருவரிடமாகப் போய் நட்சத்திரம் கேட்டார், அவர்களும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பதில் சொல்வதைப்போல "பூரட்டாதி" என்றார்கள். சீனியம்மா சும்மா நிற்கிற கைகளில் ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்துவிட்டாள், கோழி வந்தால் விரட்டினார்கள். தலைவர் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி, காற்றாடியும் மாட்டினார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பொறாமையோடு திரும்பினார்கள்.

எல்லாரையும்விட செவத்தையாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. காலையிலேயே குளித்து அதே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு களத்துக்கு வந்து, நிற்கிறவர்களுடைய போனை எட்டி எட்டிப் பார்ப்பார். படம் மேலிருந்து கீழாக, திரையை இழுத்து இறக்குகிற மாதிரி, இம்மி இம்மியாகத்தான் வரும்.

"தலைப்பாகை வந்துருச்சா? அது நாந்தான். இந்தா நிக்கிறேன் பாருங்க."

"அப்படிங்களா."

"இப்ப நெத்தி வரும். நெத்திக்கு அடுத்தாப்புல மீசை. மீசைய மட்டும் பாத்துட்டுப் போங்க, சும்மா ரெண்டு தேளு கணக்கா இருக்கும்."

மீசை வருவதற்குள் ஆள் பாலத்தில் இருப்பான்.

முருகலட்சுமி பாலத்துக்குப் போகிறவர்களின் பின்னாலேயே ஓடினாள். "அக்கா, இந்தா வந்துரும்க்கா, ஒரு நிமிசம்," என்று முந்தானையைப் பிடித்தாள். "சார், நல்ல மாவு சார், எம்புள்ளைக்கே அதான் சார்," என்று குறுக்கே நின்றாள். பாலத்து வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பார்த்தாள், அவர்கள் முள்ளுக்குள் புகுந்து நடந்தார்கள், ஒரு நூல்கூட மாட்டவில்லை. அவர்களுக்குக் கோபம்கூட இல்லை. சண்டை போட்டுவிட்டுப் போகிறவனைச் சமாதானம் பண்ணிக் கூப்பிடலாம், சும்மா போகிறவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது. கடை தெரியவில்லை போல என்று நினைத்து, போனில் விளம்பரம் போட்டாள். விளம்பரம் நன்றாகத்தான் வேலை செய்தது, களம் கொள்ளாமல் கூட்டம் வந்தது, அவ்வளவு கூட்டமும் வந்து நின்று, சலித்து, திருவிழா கலைந்த மாதிரி பாலத்துக்குத் திரும்பியது. ஒரு நல்ல பேர் வாங்குவதற்காக அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து, கதவைச் சாத்தி வைத்துக்கொண்டவள் மாதிரி அவள் களத்தின் நடுவில் நின்றாள். அரைத்து வைத்த மாவில் வண்டு நடக்க ஆரம்பித்தது. கூட வறுக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பருத்திக்கொட்டை ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி வந்து நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளை, அது அவள் வளையலைக் கடித்துக்கொண்டு கத்தியது. அவள் போனைப் பார்த்தாள், முருகலட்சுமியைப் பார்த்தாள், பொரிந்து தள்ளினாள்.

"ஏனுங்க, இது உங்க கடையாங்க?"

"ஆமாக்கா."

"கடைக்கு வர்றவங்கள வாசல்லயே நிறுத்தி வெச்சுப்போட்டு, மாமன் மச்சான் ஒவ்வொருத்தரையா அறிமுகம் பண்ணுவீங்களாங்க? நானும் ஆன்லைன்ல ஊறுகாதானுங்க விக்கிறேன். பாட்ட நிறுத்துங்க, பூவக் கொட்டாதீங்க, படத்த எடுங்க, மாவக் கொண்டாந்து முன்னால வைங்க. அவ்வளவுதானுங்க சூட்சுமம்."

"ஒரு அஞ்சு நிமிசம் நின்னா வந்துருமேக்கா?"

"புள்ள பசிக்குக் கத்துதுங்க. எம்பட பொறும ஒரு மூச்சுங்க, அதுக்கு மேல இருந்தா நான் எதுக்கு உங்க கடைக்கு வர்றேன், நானே வறுத்து அரைச்சுக்க மாட்டனுங்களா? உங்க மாவு நல்ல மாவாவே இருக்கட்டுங்க. எனக்குத் தெரியாதுல்லங்க? அடுத்த கடை படக்குனு திறக்குதுங்க."

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலமே முருகலட்சுமி பந்தலில் போய் ஊரார் முன்னால் நின்றாள். படங்களை எடுக்கவேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் சின்னதாக்கிக்கிறேன் மாமா," என்றாள்.

செவத்தையா தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். "எது, என்னையவா?"

"எல்லாரையும்தான் மாமா."

"பிரசிடெண்டு படத்தவிடச் சின்னதாவா?"

தலைவர் குறுக்கே வந்தார். "இந்தாம்மா முருகு, நான் சின்னதாகுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா என்னையச் சின்னதாக்குனா ஊரு சின்னதாயிருமேன்னு பாக்குறேன். அவங்களுக்கு இப்ப என்ன குறை? நிழல் இருக்கு, காத்தாடி இருக்கு. வேணும்னா ஆளுக்கு ஒரு மோரு குடுக்கச் சொல்றேன்."

"அவங்களுக்கு மோரு வேணாம்ங்கய்யா. மாவுதான் வேணும்."

"எந்திரிச்சுப் போற மனுசனுக்கு நம்ம எதுக்கு மாவு குடுக்கணும்ங்கேன்?" என்றார் டீக்கடைக்காரர், எல்லாரும் சிரித்தார்கள். ஊரே கலகலப்பாக இருந்தது, களத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து அவர்கள் சிரித்தார்கள். முருகலட்சுமி வீட்டுக்கு வந்து, வண்டு விழுந்த மாவைச் சலித்துக்கொண்டே அழுதாள். ஜெயவீரன் கொடுத்திருந்த ரகசிய எண்ணைப் போட்டால் போனிலேயே கடையின் பின்பக்கம் திறக்கும், அங்கே ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி அடையாளம் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை நீட்டினாள், நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் வந்து நிற்கிற முகங்கள் அவை.

வியாழக்கிழமை மத்தியானம், கேழ்வரகுக்கு நடுவில், நீலச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டும் சிமெண்ட் படிந்த பூட்ஸுமாக சோலைராஜ் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் பார்த்த சீனியம்மா துழாவிக்கொண்டிருந்த காலை அப்படியே நிறுத்தினாள். கத்தவில்லை. கத்தினால் போய்விடுவானோ என்ற பயம். மெதுவாகப் பக்கத்தில் வந்து அவன் கன்னத்தைத் தடவி, "என்னடா இப்படி எளைச்சுட்ட," என்றாள். அவன் "ம்ம்" என்றான், கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை.

முருகலட்சுமி ஓடிவந்தாள், கையெல்லாம் மாவு.

"முருகு, நெட்டு இழுக்குது போல," என்றான் சோலைராஜ், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவளிடம் சொல்வது போல.

"எங்க நிக்கிறீங்க மச்சான்?"

"ஆபீஸ் வாசல்ல. உள்ள ஒரு ஆளு கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கான், அடுத்தது நாந்தான். கூப்பிடறதுக்குள்ள உன் கடையப் பாத்துரலாம்னு திறந்தேன். திறந்தா இப்படி நிக்கிது."

"கடை ஓடுது மச்சான். சத்தியமா ஓடும். கையெழுத்துப் போட்றாதீங்க."

"சரி," என்றான் அவன். அந்தச் சரி களத்தைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். இங்கே அவள் அழுது புரண்டு என்ன சொன்னாலும், அங்கே அந்த ஆபீஸ் வாசலில் அவனுக்கு மிஞ்சப்போவது திறந்த கடை அல்லது திறக்காத கடை, இரண்டில் ஒன்று.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. மகிழினி கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து முன்னால் வந்து, அண்ணாந்து பார்த்து, ஒரு கணம்கூட யோசிக்காமல் அவன் பூட்ஸில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பில் தொற்றிக்கொண்டாள். அவன் ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறுகையால் தன்னையறியாமல் அவளுக்கு முட்டுக்கொடுத்தான். "மீசை குத்துது," என்று அவள் அதை இழுத்தாள். கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"ஏத்தா முருகு," என்று சீனியம்மா அவள் கையைப் பிடித்தாள், "அந்தக் கல்யாண வீடியோவ எடுத்து அந்தக் கடையில போடு. முழுசையும் போடு. கனமாப் போடுத்தா, எம்புள்ள இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அது எல்லாருக்கும் சட்டென்று பிடித்துவிட்டது. "எங்க வீட்டுச் சடங்குப் போட்டோ பூராம் இருக்கு, வாங்கிக்க முருகு," என்று ஒருத்தி போனை நீட்டினாள். "பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டுன வீடியோ, நல்ல நீளம்," என்றார் ஒருவர். தலைவர் தன் பதவியேற்பு விழாவையே தருகிறேன் என்றார். மனசார நீட்டினார்கள், ஒருவர் கண்ணிலும் கள்ளம் இல்லை, அத்தனை போன்களும் அவளைச் சுற்றி அகல்விளக்குகள் போல மின்னின. அவளுக்கும் ஆசையாக இருந்தது. ஒரு பானைச் சோறு வேகிற நேரம், இன்னொரு பானை, அதற்கப்புறம் இன்னொன்று, பொழுது சாயும் வரைக்கும் அவன் நின்றால் மகிழினி அந்தத் தோளிலேயே தூங்கிவிடுவாள். அவள் அவன் கழுத்தின் வேர்வையைப் பார்த்தாள். அப்புறம் பாலத்தைப் பார்த்தாள்.

போனை எடுத்துக் கடையின் பின்பக்கத்தைத் திறந்தாள். நாதஸ்வரத்தைத் தூக்கிப் போட்டாள். பூவைத் தூக்கிப் போட்டாள். தலைவர் கும்பிட்டபடியே போனார். பெரியப்பா, சித்தப்பா, மேலத்தெரு, கீழத்தெரு, ஏறுமேட்டில் திணறுகிற வண்டியிலிருந்து மூட்டைகளை உருட்டிவிடுகிற மாதிரி உருட்டினாள். ஒவ்வொன்று போகும்போதும் கூட்டத்தில் ஒருவர் "ஏ, அது நானு" என்றார்.

"என்ன முருகு பண்ற?" என்று சீனியம்மா அலறினாள். "நிக்கிற புள்ளைய விரட்டுறியேடி!"

"அவரு இங்க நிக்கல அத்த," என்றாள் முருகலட்சுமி. "அங்க நிக்கிறாரு."

செவத்தையாவின் படத்தில் விரலை வைத்தபோது ஒரு பெரிய கை வந்து போனை மூடியது. தலைப்பாகையோடு அவரே நின்றார். "உனக்குக் காது குத்துன மடி இது," என்றார் மெதுவாக. "உங்கப்பன் செத்தன்னைக்கு உன்னத் தூக்கிக்கிட்டு வந்த தோளு இது. குப்பத்தொட்டியிலயா போடப் போற?"

"என் மனசுல வச்சிருக்கேன் மாமா. அங்க எவ்வளவு பெருசா வேணாலும் இருங்க. இங்கிட்டு வழி விடுங்க."

"எனக்கு மனசு தெரியாது. பேனருதான் தெரியும்."

"மாமா, அவரு போயிருவாரு. மூணு வருசம் மாமா."

அவர் கையை எடுக்கவில்லை. அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அவர் வலுவான ஆள்தான், இருந்தும் பிரிக்க விட்டார். அவள் அழுத்தினாள். செவத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், களத்தைவிட்டு இறங்கித் தன் வீட்டுப் பக்கம் போனார், அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க அவளைக் கண்டால் தெருவின் அந்த ஓரத்துக்கு மாறித்தான் நடந்தார்.

இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம், இதய வடிவத்துக்குள் சோலைராஜும் முருகலட்சுமியும் மகிழினியும். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாளும் படத்துக்கு நின்றதில்லை, மஸ்கட்டிலிருந்து அவன் அனுப்பிய படம் ஒன்று, ஊர்ப் படம் இரண்டு, ஜெயவீரன் வெட்டி ஒட்டிச் சேர்த்தது. உலகத்தில் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதான், அதனாலேயே ஜெயவீரன் அதைப் பெரிய கனத்தில் போட்டிருந்தார்.

சீனியம்மா ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தாள், அதையாவது குடித்துவிட்டுப் போகட்டும் என்று, ஆற்றியபடியே வந்தாள். சோலைராஜ் தலையை நிமிர்த்தினான். "கூப்பிடுறாங்க," என்றான். "திறக்க மாட்டேங்குது முருகு. வர்றேன்." ஒரு பூட்ஸைத் தூக்கி மேற்கே பார்த்து வைத்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இதயத்தை அழுத்தினாள்.

மேற்கே வைத்த கால் நின்றது. அவன் போனைப் பார்த்தான். அவன் முகத்தில் மாவுப் பாக்கெட்டின் வெளிச்சம் விழுந்தது, "அட," என்று சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பு முழுதாக வருவதற்குள் அந்த இடம் காலியாக இருந்தது. மகிழினி தாங்க ஆளில்லாமல் கேழ்வரகுக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தாள். களத்தில் நின்ற மற்றவர்களும் ஒரே நேரத்தில் மறைந்தார்கள், அவர்கள் கையிலிருந்த கோழிக் குச்சிகள் சடசடவென்று கீழே விழுந்தன. அதற்கப்புறம் அந்தக் களத்தில் யாரும் வந்து நிற்கவில்லை, நிற்பதற்கு அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. காற்றாடி மட்டும் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசியது. ஊரார் சாவு வீட்டிலிருந்து கலைவது போலக் கலைந்தார்கள்.

முருகலட்சுமியின் போன் மணியடித்தது. மறுபடியும் அடித்தது. ஆர்டர், ஆர்டர், அவள் எதையும் பார்க்கவில்லை. பானைச் சோறு வெந்து, வடித்து, ஆறியும் போயிருக்கும், அவ்வளவு நேரம் அவள் அந்தப் பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அவன் கூப்பிட்டான்.

"ஏன் முருகு, முதல்ல செத்த நேரம் முரண்டு பிடிச்சுது, அப்புறம் கடை படக்குனு திறந்துச்சு. மாவு கண்ணு முன்னால நிக்குது. ஆனா நம்ம மூணு பேரு இருந்த படம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"கனமா இருந்துச்சு." போனை மறு காதுக்கு மாற்றினாள். "கையெழுத்து?"

"பேனாவக் கையில குடுத்தாங்க. நான் நம்ம கடையில ரெண்டு பாக்கெட்டு ஆர்டர் போட்டுக்கிட்டு நின்னேன். சும்மா, போகுதான்னு பாப்போம்னுதான். போயிருச்சு முருகு. பேனாவ வச்சுட்டு வந்துட்டேன்." அவன் சிரித்தான், அப்புறம் சிரிப்பு நின்றது. "பயமாத்தான் இருக்கு. அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. பாப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா? அவ நினைவு தெரிஞ்சு என்னைத் தொட்டதுகூட இல்ல. நேர்ல பாத்தா அழுவாளோ?"

முருகலட்சுமி அந்தப் பூட்ஸ் தடத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னால் அவன் எதை நம்புவான். மகிழினி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள், சீனியம்மா இன்னும் கீழே வைக்காமல் பிடித்திருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா குடிக்காமப் போன?" என்றாள் கோபமாக. "டீ ஆறிப்போச்சு."